அசையாமல் இருந்த ஆள்

காரைக்குடியில் என்னைவிட நன்றாகப் பட்டுச்சேலை விற்கத் தெரிந்த ஓர் ஆளைக் காட்டுங்கள், அன்வர் சாதிக் என்ற என் பேரையே மாற்றி வைத்துக்கொள்கிறேன். இதை இன்றைக்கும் சொல்வேன். வேலை போன பிறகும் வாய் குறையவில்லை பார் என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

ஜவுளிக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. சேலையை எடுத்து முடித்ததும், வந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம் என்று அவர்களுக்குப் பயம். என் பிரிவில் மட்டும் அந்த வேலையே கிடையாது. என் கண்ணை விடவா வெயில் என்பேன். சிரித்துக்கொண்டே பில் போடப் போய்விடுவார்கள். அந்தக் கண்ணில் புரை விழுந்து, கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

வலையபட்டியிலிருந்து நிச்சயதார்த்தச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அம்மா ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டு, வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடுகிறேனே என்றார். நான் விடவில்லை. சுத்தமான கருநீலம் என்று அடித்துச் சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பெண்ணின் தாய்மாமன் வந்து சேலையை என் முன்னால் வீசினார். கறுப்பு. சுப காரியத்துக்கு வந்தவர்கள் தலையில் கறுப்பைக் கட்டி அனுப்பியிருக்கிறேன். அப்போதாவது கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டில் சாயம் போட்டுக் கொண்டுவந்தீர்களா என்று கடையே அதிரக் கத்தினேன். முதலாளியின் மகன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். சின்ன வயதில் என் தோளில் ஏறி விளையாடிய பையன். என் கையிலிருந்த சேலையை வாங்கி வாசலில் கொண்டுபோய் விரித்துப் பார்த்துவிட்டு, “நாளையில இருந்து வர வேணாம் பாய்” என்றான். கூட வேலை பார்த்த பெண்பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அமீனாவுக்கு என் வேலைதான் பெருமை. மகள் ஷாஜியா கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எங்க அத்தா நூலைத் தொட்டே தறியைச் சொல்வாக என்று சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லித் திரிந்தவள். சேர்த்து வைத்திருந்ததிலிருந்து எடுத்து, சம்பளம் வாங்கி வந்ததுபோல அமீனா கையில் கொடுத்தேன். காலையில் வழக்கம்போலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த சோற்றுடன் கிளம்பினேன்.

கிளம்பி எங்கே போவது? பள்ளிவாசலில் போய் உட்கார்ந்தால் கடைக்குப் போகவில்லையா என்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் அதையே இன்னும் சத்தமாகக் கேட்பார்கள். ஆளை ஒன்றும் கேட்காத இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பழைய பஸ் ஸ்டாண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிறவன் எங்கேயோ போகப் போகிறான் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். டவுன் பஸ் நிற்கிற பக்கத்தில், தூணோரத்துச் சிமெண்டு பெஞ்சு என் இடமாகிவிட்டது. கோவிலூர், கொத்தமங்கலம், வலையபட்டி என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டே இருப்பார்கள். வலையபட்டி என்று கூவும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அமீனாவுக்குக் கடைக் கதை வேண்டும். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அது வழக்கம். இல்லாத கடைக்கு எங்கே போய்க் கதை எடுப்பது? ஒருத்தரை உண்டாக்கினேன். கொத்தமங்கலத்து லட்சுமி ஆச்சி. பெரிய வீடு, மகளுக்குக் கல்யாணம், கையில் காசுக்குப் பஞ்சமில்லை, ஆனால் மனசுக்கு ஒரு சேலையும் பிடிக்காது. அன்வர் பாய் எடுத்துக் காட்டினால்தான் பார்ப்பார். இன்றைக்கு அரக்கு நிறத்தில் இரண்டு எடுத்தார், நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்கு எடுக்க வருகிறார் என்று ஆச்சியை வாரம் தவறாமல் வரவழைத்தேன். கதை சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஆச்சி கண் முன்னால் தெரிவார். அமீனா பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து கேட்பாள். ஒருநாள், ஆச்சிக்கு என் மதியச் சாப்பாட்டு வாசனை பிடித்துப்போய் மாங்காய் ஊறுகாய் யார் போட்டது என்று கேட்டதாக வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே ஒரு பாட்டில் நிறைய ஊறுகாயை நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, ஆச்சியிடம் கொடுங்கள் என்று என் பையில் வைத்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு வாரம் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஆச்சி விரலைச் சூப்பிக்கொண்டே சாப்பிட்டதாக வீட்டில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அடுத்த பாட்டிலும் வந்தது.

இந்த நேரத்தில்தான் ஷாஜியாவுக்குப் போட்டோப் பைத்தியம் முற்றியிருந்தது. கல்லூரிக் கேமராவை ஆளுக்கு இரண்டு நாள் என்று முறை வைத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். அவள் முறை வந்தால் வீட்டில் ஒரு சாமான் வைத்த இடத்தில் இருக்காது. அவளுடைய வாத்தியார் கார்த்திகேய சிவம் ஒரு வேலை கொடுத்திருந்தாராம். கேமராவின் கண்ணை நெடுநேரம் திறந்தே வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். பகலில் அப்படித் திறந்து வைத்தால் வெளிச்சம் பாய்ந்து படம் வெள்ளையாகிவிடும். அதைத் தடுக்க விலை கூடிய கண்ணாடி இருக்கிறது. அதற்கு எங்கே போவது? இவள் வெல்டிங் பட்டறைக்குப் போய், வேலை செய்கிறவர்கள் கண்ணுக்கு முன்னால் பிடிப்பார்களே, அந்தக் கறுப்புக் கண்ணாடியில் ஒன்றை வாங்கி வந்து ரப்பர் பேண்டால் கேமராவின் மூக்கில் கட்டினாள். கெட்டிக்காரிதான். யார் மகள்?

முதல் படத்தை எங்கள் வீட்டுக்குள்ளேயே எடுத்தாள். நான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அமீனா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தாள். படத்தைப் பார்த்தால் நான் மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அமீனாவைக் காணவில்லை.

“நான் எங்கடி?” என்றாள் அமீனா.

“நீங்க நடந்துக்கிட்டே இருந்தீகள்லம்மா. நகந்துக்கிட்டே இருந்தா பதியாது. அசையாம இருக்குறது மட்டும்தான் நிக்கும்.”

“நல்லா இருக்குடி உங்க படிப்பு. நாள் முச்சூடும் வேலை பாக்குறவளைக் காணோம், சும்மா உக்காந்திருக்குற ஆளு பளிச்சுனு இருக்காக.”

மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தேன். அசையாமல் இருப்பது மட்டும்தான் நிற்கும் என்று என் மகள் என் காதுபடச் சொன்னாள். அது என் மண்டையில் ஏறவே இல்லை.

அன்று உச்சி வெயில். பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். எதிர்ப்பக்கத்துக் கடை வரிசையின் படிக்கட்டில் நாலைந்து காலேஜ் பிள்ளைகள் மூன்று கால் ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூரத்துப் பார்வை மங்கல்தான். இருந்தாலும் பெற்ற பிள்ளையின் நடை தெரியாமலா போகும்? ஷாஜியா. தோளில் பையும் தலையில் முக்காடுமாக, இந்தப் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்து ஓடலாமா என்று நினைத்தேன். எழுந்தால் பார்த்துவிடுவாள். தூணுக்குப் பின்னால் நகரலாமா? நகர்ந்தாலும் கண்ணில் படும். ஆடாமல் அசையாமல் இருந்துவிட்டால் இத்தனை கூட்டத்தில் யார் நம்மைப் பார்க்கப் போகிறார்கள் என்று என் புத்தி சொன்னது. அந்தப் புத்தியை எதால் அடிப்பது? சோற்றுப் பையிலிருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். தலையைத் தொங்கப் போட்டு, பையை மடியில் வைத்து, மூச்சைக்கூடக் குறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான், கொத்தமங்கலம் பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மா என் பக்கம் வந்தார். அவருடைய செருப்பும் சேலைக் கரையும்தான் எனக்குத் தெரிந்தன. “ஏதாச்சும் வாங்கிச் சாப்பிடுங்க” என்று சொல்லி, ஒரு பத்து ரூபாய்த் தாளை மடித்து என் பையின் வாரில் செருகினார். ஐயோ அம்மா, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று சொல்ல வாய் துடித்தது. தலையைத் தூக்கினால் மகள் பார்ப்பாள். தாளை எடுத்துத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினால் மகள் பார்ப்பாள். அப்படியே வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன். கொத்தமங்கலத்திலிருந்து எனக்கு உண்மையில் வந்தது அது ஒன்றுதான்.

பிள்ளைகள் போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் துண்டை எடுத்தேன். முகமெல்லாம் வேர்வை. அந்தத் தாளை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, எறியவும் மனமில்லை. பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். தப்பித்துவிட்டோம் என்று ஒரு சந்தோஷம் வேறு.

இரண்டு நாள் கழித்து ஷாஜியா முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிடுகிறாயா என்றால் தலையை ஆட்டுவாள். படத்தைக் காட்டு என்றால் சரியாக வரவில்லை என்பாள். நான் என்ன நினைப்பேன்? வயதுப் பிள்ளை, யாரோ பையன் விவகாரம் என்றே நினைத்தேன். ஒருநாள் கோபத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அத்தா வெயிலில் கடைக்கும் வீட்டுக்கும் அலைந்து, நாள் முழுக்க நின்று கால் வீங்கிப்போய் உன்னைப் படிக்க வைக்கிறேன், நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாய் என்றேன். அவள் உள்ளே போய் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அதற்கு மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகவே கேட்டாள்.

“இன்னைக்குக் கடையில யாரு வந்தாக அத்தா?”

பிள்ளை வாயைத் திறந்துவிட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆச்சியை முழு அலங்காரத்தோடு வரவழைத்தேன். முகூர்த்தச் சேலைக்குத் தாமரைப் பூ நிறம் கேட்டதாகவும், கடை முழுக்கப் புரட்டியும் கிடைக்காமல், நான் பழைய அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒன்றை உருவி மடியில் போட்டதும் ஆச்சி கண் கலங்கி, நீங்க இல்லாட்டி இந்தக் கடை என்னத்துக்கு ஆகும் பாய் என்று சொன்னதாகவும் சொன்னேன். அமீனா சிலிர்த்துப் போனாள். ஷாஜியா சோற்றைப் பிசைந்துகொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள். இடையில் ஒரு தடவை, அப்புறம் என்றுகூடக் கேட்டாள்.

அதற்கு அடுத்த வாரம், பெஞ்சில் உட்கார்ந்து டிபனைத் திறக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“பாய், ஒரு நிமிசம்” என்றது ஒரு குரல்.

நிமிர்ந்தேன். ஒரு பெண்பிள்ளை, கையில் பெரிய கவர். அவளுக்குப் பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன். அவன் முதுகுக்குப் பின்னால், தரையைப் பார்த்துக்கொண்டு ஷாஜியா. அத்தா என்று கூப்பிட்டுவிடுவாளோ, இந்தப் பிள்ளைகள் முன்னால் அவள் மானம் போய்விடுமோ என்று பதறி, நான் முந்திக்கொண்டேன்.

“வாங்கம்மா. எங்குட்டு இருந்து வாரீக? என்ன வேணும்?”

மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்துத்தான் கேட்டேன். ஆனால் அதில் ஒருத்தி நான் பெற்றவள். பெற்ற மகளைப் பார்த்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்ட நாக்கு இது. ஷாஜியா சட்டென்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண்பிள்ளையின் பேர் சத்தியப்பிரியாவாம், பையன் கண்ணன். ஷாஜியாவின் வகுப்புத் தோழர்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, என்னைப் பார்த்ததில்லை. சத்தியப்பிரியா பெஞ்சில் என் பக்கத்தில் உரிமையோடு உட்கார்ந்து கவரைப் பிரித்தாள்.

“இது நீங்கதான பாய்?”

பஸ் ஸ்டாண்டு. ஆனால் அதில் ஓர் ஆள் இல்லை. பஸ் இல்லை. அத்தனை கூட்டம் நின்ற இடத்தில் தரை வெறிச்சென்று கிடந்தது, அங்கங்கே லேசான புகை மாதிரி ஏதோ ஒன்று. பெஞ்சுகள், தூண்கள், தூணோரத்தில் ஒரே ஒருவன். தலையில் துண்டு, தொங்கிய முகம், மடியில் அமீனா தைத்துக் கொடுத்த கட்டம் போட்ட பை. பையின் வாரில் பத்து ரூபாய்த் தாள். தாளின் மடிப்பு வரைக்கும் தெளிவாக இருந்தது.

எழுந்து நடந்திருந்தால் போதும். நாலு எட்டு அங்குமிங்கும் போயிருந்தால் மற்றவர்களைப்போல நானும் இல்லாமல் போயிருப்பேன். மறைகிறேன் என்று உட்கார்ந்தவனை மட்டும் அந்தப் பெட்டி பிடித்து வைத்திருக்கிறது.

சத்தியப்பிரியா விடாமல் பேசினாள். வெள்ளந்தியான பிள்ளை, அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சார் இந்தப் படத்தை வகுப்பில் திரையில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினாராம். இத்தனை பேரில் இவர் ஒருத்தரைத்தான் கேமரா பார்த்திருக்கிறது என்றாராம். கண்ணன்தான், பிச்சைக்காரர் என்று தலைப்பு வைக்கலாம் என்றானாம். கண்ணன் நெளிந்தான். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான்.

“எடுத்தது இவதான் பாய்” என்று சத்தியப்பிரியா ஷாஜியாவைக் காட்டினாள். “அன்னைக்குக் கிளாஸை விட்டு எந்திரிச்சுப் போனவதான். படத்தை அழிச்சிருங்கன்னு ஒரே அழுகை. சார் ஒத்துக்கலை. வைக்கிறதா இருந்தாலும் அழிக்கிறதா இருந்தாலும் படத்துல இருக்குற ஆளுகிட்டதான் கேக்கணும், நேர்ல போய்க் கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டாரு.”

என்றைக்கு வகுப்பில் காட்டினார்கள் என்று கேட்டேன். போன வாரம் திங்கட்கிழமை என்றாள்.

போன வாரம் வியாழக்கிழமைதான் நான் கால் வீங்கியதைச் சொல்லி ஷாஜியாவைத் திட்டினேன். வெள்ளிக்கிழமைதான் ஆச்சிக்குத் தாமரைப் பூ நிறத்தில் சேலை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் அப்புறம் என்று கேட்டாள். நான் ஏதாவது ஓர் இடத்திலாவது நிறுத்துகிறேனா என்று பார்த்திருக்கிறாள். நான் நிறுத்தவில்லையே! கையை ஆட்டி ஆட்டி, ஆச்சி மாதிரியே குரலை மாற்றிப் பேசிக் காட்டினேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

கண்ணன் செல்போனை எடுத்துக்கொண்டான். “பேரு சொல்லுங்க பாய். படத்துக்குக் கீழ போடணும். பேரு இல்லாம வைக்கக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு.”

“அயாஸ்” என்றேன். எங்கள் தெரு முனையில் கறிக்கடை வைத்திருக்கிறவன் பேர். வாயில் அதுதான் வந்தது.

கண்ணன் அதைத் தட்டிக்கொண்டிருந்தான்.

“அயாஸ் இல்ல” என்றாள் ஷாஜியா. “அன்வர் சாதிக். எங்க அத்தா.”

குரலைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வகுப்பில் பேர் கூப்பிட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். சத்தியப்பிரியா கையிலிருந்த படத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணன் முகம் செத்துப்போயிற்று. பாவம், அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்று எழுந்து அங்குட்டுப் போனார்கள்.

ஷாஜியா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“சாப்பிட்டீகளா அத்தா?”

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளே பையைத் திறந்து டிபனை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஊறுகாய்ப் பாட்டில் தெரிந்தது. அதையும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பெஞ்சில் வைத்தாள். கறுப்புச் சேலை, வலையபட்டிக் குடும்பம், கண்ணில் புரை எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சோறு உள்ளே இறங்கவில்லை. உன் சேக்காளிகள் முன்னால் உனக்கு அசிங்கமாகிவிடக் கூடாது என்றுதான் தெரியாத ஆள்போலப் பேசினேன் என்றும் சொன்னேன்.

“எனக்கு அசிங்கம்னு யாரு சொன்னா?” என்றாள். “நீங்க வேலை இல்லாம உக்காந்திருந்தது அசிங்கம் இல்ல. கிளாஸ்ல அவன் அப்படிச் சொன்னப்ப, அது எங்க அத்தான்னு எனக்குச் சொல்ல வரலை. எந்திரிச்சு ஓடிட்டேன். அதான் அசிங்கமா இருந்துச்சு. இன்னைக்குச் சொல்லிரணும்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க எங்குட்டு இருந்து வாரீகன்னு கேக்குறீக.”

நான் டிபனை மூடினேன்.

“அம்மாக்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா இனிமே ஆச்சி கதை சொன்னீகன்னா நான் அங்க உக்காந்து கேக்க மாட்டேன்.”

பிள்ளைகள் திரும்பி வந்ததும், அந்தப் படம் வேண்டாம், வேறு எடுக்கலாம் என்று கண்ணனிடம் சொன்னாள். அவன் எதிரே ஸ்டாண்டை விரித்தான். வெல்டிங் கண்ணாடியை ரப்பர் பேண்டால் கட்டினான். ஷாஜியா என்னை ஒட்டி உட்கார்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்து, “அசையாதீக அத்தா” என்றாள். தலையில் துண்டு இல்லாமல் நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பஸ்கள் வந்தன, போயின. ஆட்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

சத்தியமாக அசையாமல் இருக்கத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தேன். அப்புறம் எங்கிருந்து வந்ததோ, தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அடக்க அடக்கக் கூடியது. அவள் திரும்பவில்லை. கேமராவைப் பார்த்தபடியே இருந்தாள்.

அன்றைக்கே அமீனாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒரு நாள் அமீனா, இப்போதெல்லாம் ஆச்சி வருவதில்லையா என்று கேட்டதற்கு, ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லித் தொலைத்தேன். ஷாஜியா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சாப்பாடு பாதிதான் ஆகியிருந்தது.

சனிக்கிழமை கல்லூரியில் படங்களை மாட்டி வைத்திருந்தார்கள். அமீனா பெருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். எந்தப் படம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் அமீனாவுக்கு முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். கார்த்திகேய சிவம் சார் வந்து எனக்குக் கை கொடுத்தார், உங்க மகளுக்கு நல்ல கண்ணு என்றார். அவருக்கும் எல்லாம் தெரியும் என்பது அவர் என் கையைப் பிடித்த பிடியில் தெரிந்தது.

கடைசிச் சுவரில் இருந்தது. வெறிச்சென்ற பஸ் ஸ்டாண்டு. பெஞ்சில் ஷாஜியா, கண்ணிமை வரைக்கும் தெளிவாக. அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்த இடத்தில் வெள்ளைச் சட்டையும் தலையும் கலங்கி, கண்ணாடியில் ஆவி படிந்தது போல் இருந்தது. முகம் என்று ஒன்று இல்லை. அந்தக் கலங்கலின் மடியில் கட்டம் போட்ட பை மட்டும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது. பெஞ்சில் ஊறுகாய்ப் பாட்டில். கீழே, நானும் அத்தாவும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அமீனா கிட்டப் போய்ப் பார்த்தாள். பையை விரலால் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

“இது நான் தச்ச பைல்ல? பக்கத்துல யாருடி இது, கலங்கிப்போய்?”

ஷாஜியா என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு அடி விலகி, அடுத்த படத்தைப் பார்க்கிறவள்போலத் திரும்பி நின்றுகொண்டாள்.

“நான்தான் அமீனா” என்றேன்.

“நீங்களா? கடை நேரத்துல பஸ் ஸ்டாண்டுல என்ன பண்ணீக?”

சொன்னேன். சேலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும், அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். பின்னால் யார் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். நான் முடித்த பிறகும் அமீனா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை பையிலிருந்து பெஞ்சில் இருந்த பாட்டிலுக்குப் போனது.

“அப்ப லட்சுமி ஆச்சி?”

“அப்படி யாரும் இல்ல அமீனா.”

“ரெண்டாவது தடவை காரம் கொஞ்சம் கூடப் போடச் சொன்னாகன்னீகளே. அவகளுக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டேனே. அந்த ஊறுகாயை யாரு தின்னா?”

“நான்தான்” என்றேன்.